ஒத்த நம்பர்ல போச்சு

அப்பா தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்தெட்டு வருஷம் கணக்கெழுதினார். பேரேட்டில் நாலணா உதைத்தாலும் ராத்திரி பத்து மணியானாலும் அதைக் கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவருடைய பீரோவை ஒழித்தபோதுதான் அந்த டயரி கிடைத்தது. ஏதோ உரக்கடையில் வருஷப் பிறப்புக்கு இலவசமாகக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'வரவு', வலது பக்கம் 'செலவு'. வரவில் தேதி, சீட்டின் பெயர், கடைசி நாலு இலக்கம், விழுந்த தொகை: 100, 100, 500, 100, 2,000. செலவில் அந்தத் தலைப்பைத் தவிர ஒரு எழுத்து கிடையாது.

அவர் லாட்டரிச் சீட்டு வாங்குவது வீட்டில் ரகசியமெல்லாம் இல்லை. ஒரு காலத்தில் அதற்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கடைக்குக் கடை கேரளா, சிக்கிம், பூட்டான் என்று கிளிப் மாட்டித் தொங்கும். 2003 ஜனவரியில் தமிழ்நாடு அரசு லாட்டரியைத் தடை செய்தது. எங்கள் தெருவில் பல வீடுகளில் நிம்மதி. எங்கள் வீட்டில் பஸ் செலவு கூடியது, அவ்வளவுதான். செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு. கேரள அரசே 1967இல் தொடங்கி நடத்துகிற லாட்டரி அங்கே சட்டப்படி கிடைக்கும். அப்பா கடைக்கு லீவு கிடைக்கிற நாளில் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு புறப்படுவார். கேட்டால் சாஸ்தா கோயில் என்பார். கோயிலுக்கும் போவார், அது பொய் இல்லை.

குலுக்கல் முடிந்த மறுநாள் காலையில் பேப்பரை விரித்துச் சுண்டுவிரலால் எண்களைத் தடவிக்கொண்டே வருவார். பெரும்பாலும் பேப்பர் சத்தமில்லாமல் மடிந்துவிடும். சில நாள் மட்டும் அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏளா, ஒத்த நம்பர்ல போச்சு" என்பார். 4718க்கு விழுந்திருக்கும், இவர் கையில் 4719. தோற்றவன் முகமாக அது இருக்காது. பஸ்ஸைத் தவறவிட்டவன் முகம். அடுத்த பஸ் வரும் என்று தெரிந்தவன் முகம்.

கணக்கே தொழிலாக இருந்த ஒருவர் இந்த ஒரு கணக்கில் மட்டும் ஏன் பாடம் படிக்கவில்லை என்ற கேள்வி என்னை நிஜமாகப் பிடித்தது ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்துத்தான்.

நான் மெடிக்கல் ரெப். நியூரோ டிவிஷன். டாக்டர் கூப்பிடும் வரை பேஷண்டுகளோடு பேஷண்டாக உட்கார்ந்திருப்பதுதான் என் வேலையில் பாதி. அப்போது என் பையில் பார்க்கின்சன் நோய்க்கான பிராமிபெக்ஸோல் மாத்திரை இருந்தது. டப்பாவுக்குள் எறும்பு எழுத்தில் மடித்து வைத்திருக்கும் தாளை விற்கிற நாங்களே படிக்க மாட்டோம். செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோன ஒரு நாள் படித்தேன். குமட்டல், பகலில் தூக்கம், கால் வீக்கம். அதே வரிசையில் சூதாட்டம். கட்டுப்படுத்த முடியாதபடி சூதாடத் தோன்றலாம், தோன்றினால் டாக்டரிடம் சொல்லவும்.

விளையாட்டில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளை விசாரித்து 2010இல் வெளியான ஆய்வில் 13.6 சதவீதம் பேருக்கு இந்த மாதிரி ஏதாவது ஒரு கட்டுக்கடங்காத பழக்கம் இருந்தது. சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, ஓயாத தீனி, காமம். பிராமிபெக்ஸோல் வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அது இன்னும் அதிகம். நான் பார்க்கப் போகும் டாக்டர்களில் ஒருவர், மருந்து எழுதிய பிறகு நோயாளியை விட்டுவிட்டுக் கூட வந்த மனைவியிடம்தான் கேட்பார்: "வீட்ல புதுசா சீட்டு, ரம்மி எதாவது உண்டாம்மா?"

அப்பாவுக்குப் பார்க்கின்சன் கிடையாது. ஒரு மாத்திரை ஒரு ஆளைச் சீட்டு வாங்க வைக்கும் என்றால், மாத்திரை இல்லாமலே அந்த வேலையைச் செய்கிற ஏதோ ஒன்று எல்லார் தலைக்குள்ளும் இருக்க வேண்டுமல்லவா? அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

கதை ஒரு குரங்கில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தில் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் முதலில் தேடியதும் பார்க்கின்சன் சம்பந்தப்பட்டதுதான். அந்த நோயில் சாகிற டோபமைன் செல்கள் (டோபமைன் என்பது மூளைச் செல்கள் சேதி அனுப்பும் ஒரு ரசாயனம்; என் பையில் இருந்த மாத்திரை அது மாதிரியே வேலை செய்வது) உடம்பின் அசைவோடு எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்க்க நினைத்தார். குரங்கின் நடுமூளையில் மயிரிழை மாதிரி மின்முனையை இறக்கி, ஒற்றைச் செல் துடிப்பதைக் கேட்டார். அசைவுக்கு அந்தச் செல்கள் பெரிதாக அசைந்து கொடுக்கவில்லை. குரங்கின் வாயில் பழச்சாறு ஒரு சொட்டு விழுந்தபோது படபடவென்று துடித்தன.

இதுவரை யாரும் ஊகிக்கக்கூடியதுதான். அடுத்தது அப்படி இல்லை. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று வைத்துப் பழக்கினார். பழகப் பழக, சாறு விழும்போது செல் துடிப்பது நின்றுபோனது. இப்போது விளக்கு எரிந்தவுடன் துடித்தது. சாறு அதே சாறு, நாக்கு அதே நாக்கு. எதிர்பார்த்தபடியே வந்தால் அந்தச் செல்லுக்கு அது செய்தியே இல்லை. பிறகு விளக்கை எரியவிட்டுச் சாறைக் கொடுக்காமல் விட்டார். சாறு எந்த நொடியில் வந்திருக்க வேண்டுமோ சரியாக அந்த நொடியில், சும்மா இருக்கும்போது வழக்கமாக வருகிற துடிப்புகூட அடங்கிப்போனது. வராத ஒன்றுக்கு அந்தச் செல் நேரம் குறித்து வைத்திருந்தது.

பீட்டர் டயான், ரீட் மான்டேக் என்ற கணிதக்காரர்களோடு சேர்ந்து ஷுல்ட்ஸ் 1997இல் இதற்கு எழுதிய விளக்கத்தை இன்றுவரை எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். டோபமைன் சொல்வது 'நன்றாக இருக்கிறது' என்பதை அல்ல, 'நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது' என்பதை. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வரும் மீதி. மீதி கூட்டலாக வந்தால் நம்பிக்கையைக் கொஞ்சம் ஏற்று, கழித்தலாக வந்தால் இறக்கு, பூஜ்யம் என்றால் கை வைக்காதே. இந்த வாய்ப்பாட்டை ரெஸ்கார்லா, வாக்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1972லேயே எலிகளையும் முயல்களையும் வைத்துத் தாளில் எழுதிவிட்டார்கள். அது மூளைக்குள் உயிரோடு ஓடுவது தெரிந்தது பிறகுதான். அப்பா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். மூளைக்குள் ஒரு கணக்கப்பிள்ளை. தினமும் சாயந்திரம் இருப்பைச் சரிபார்த்துப் பேரேட்டைத் திருத்துகிறவன்.

(இடையில் ஒன்று. டோபமைன் என்றால் 'இன்ப ஹார்மோன்' என்று வாட்ஸப்பில் வருவதை நம்பாதீர்கள். கென்ட் பெரிஜ் என்பவர் டோபமைனை ஏறக்குறையத் துடைத்தெடுத்த எலிகளின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். சாதாரண எலி மாதிரியே சப்புக்கொட்டின. ஆனால் சாப்பாட்டைத் தேடிப் போகவில்லை. ஊட்டாவிட்டால் பட்டினி கிடந்து செத்திருக்கும். ருசி வேறு, ஆசை வேறு. டோபமைன் ஆசையின் பக்கம்.)

இந்தக் குரங்கை ஆரியங்காவு பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தேன். சாறு என்பது பரிசு. விளக்கு எது? முதலில் பேப்பரில் வரும் எண். பிறகு கையில் இருக்கும் சீட்டு. அதற்கும் முன்னால் பஸ், அதற்கும் முன்னால் தேய்த்த சட்டை. துடிப்பு பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து மிக முந்தைய அறிகுறியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் ஷுல்ட்ஸ் கண்டது. அப்பாவின் முகம் மலர்ந்தது பரிசு விழுந்த நாள்களில் அல்ல, புறப்படுகிற காலைகளில். சிறு வயதில் அதைப் பார்த்து நானும் கோயில் என்றே நினைத்திருந்தேன்.

குரங்குக்குச் சாறு அடிக்கடி வந்தது, அப்பாவுக்கு அப்படி வரவில்லை என்பது எனக்கும் தெரியும். பத்துக்கு ஒன்பது முறை விளக்கு எரிந்து சாறு வராவிட்டால் அந்தச் செல்லே விளக்கை நம்புவதை விட்டுவிட வேண்டும். உள்ளே இருக்கிற கணக்கப்பிள்ளை நியாயமானவனாக இருந்திருந்தால், முப்பது நாற்பது சீட்டுக்குள் அப்பாவின் நம்பிக்கை தரைக்கு வந்திருக்கும். வரவில்லை. ஏன்?

ஒரு காரணம் அந்த ஒத்த நம்பர். கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் கூட்டாளிகளும் ஸ்கேன் எந்திரத்துக்குள் படுத்திருப்பவர்களை இரண்டு சக்கரச் சூதாட்டம் ஆடவிட்டு 2009இல் எழுதினார்கள். ஜெயிப்பது, வெறுமனே தோற்பது, ஒரு கட்டத்தில் தவறிப்போவது என்று மூன்று விதம். மயிரிழையில் தவறியது பிடிக்கவில்லை, வெறும் தோல்வியைவிட எரிச்சலாக இருந்தது என்றார்கள் ஆடியவர்கள். அதே வாயால் இன்னொரு தரம் ஆட வேண்டும் போலிருக்கிறது என்றும் சொன்னார்கள். ஜெயிக்கும்போது விழிக்கும் மூளைப்பகுதிகள் தவறியபோதும் விழித்தன. இன்னொரு விஷயம்: தவறினால் ஆசை கூடியது ஆடுகிறவரே சின்னத்தைத் தேர்ந்தெடுத்த ஆட்டங்களில்தான். எந்திரம் தேர்ந்தெடுத்ததில் இல்லை. அப்பா கடைக்காரர் நீட்டும் சீட்டை வாங்கியதே கிடையாது. கட்டை வாங்கி, எச்சில் தொட்டு விரித்து, இலக்கங்களைக் கூட்டி ஒன்பது வருகிறதா என்று பார்த்துத்தான் உருவுவார்.

அம்பு எய்கிறவனுக்கு ஒரு விரற்கடை தவறியது பெரிய தகவல். கை பழகுகிறது என்று அர்த்தம். இளநீர்க் குலைக்குக் கல்லெறிகிற பையனுக்கும் அப்படியே. மூளை பழகியது இந்த மாதிரி உலகத்தில். குலுக்கலில் 4718க்கும் 4719க்கும் நடுவே உள்ள தூரம், 4718க்கும் 0036க்கும் நடுவே உள்ள தூரம்தான். அதை எப்படி அதற்குப் புரியவைப்பது?

இரண்டாவது காரணத்தை நான் சீட்டில் கற்கவில்லை, சுகர் ரிப்போர்ட்டில் கற்றேன். அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. வெறும் வயிற்றுச் சுகர் 118 என்று வந்தால் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். நாலு நாள் தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டுவார். 190 என்று வந்தால், "முந்தாநாள் கல்யாண வீட்ல பாயசம்லா குடிச்சேன், அதுல ஏறிருக்கும்." இல்லாவிட்டால் லேபில் இருக்கிற பையன் புதுசு. மூணு மாச சுகர் பார்க்கலாம் என்று ஒருமுறை நான் இழுத்துக்கொண்டு போனேன். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பதால் அந்தச் சோதனைக்கு முந்தாநாள் பாயசம் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. 9.1 என்று வந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "மூணு மாசத்துல மூணு கல்யாணம்" என்றார்.

லண்டனில் டாலி ஷாரோட், கிறிஸ்டோஃப் கோர்ன், ரே டோலன் மூவரும் 2011இல் வெளியிட்டது ஏறக்குறைய இந்தக் காட்சிதான். 80 கெட்ட சம்பவங்கள்: மறதி நோய், திருட்டு, இந்த மாதிரி. உனக்கு இது நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கேட்பார்கள். பிறகு சராசரி ஆளுக்கு உள்ள வாய்ப்பைக் காட்டுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பார்கள். 40 என்று பயந்திருந்தவருக்கு 20தான் என்று காட்டினால் சரசரவென்று இறங்கிவந்தார். 10 என்று தைரியமாக இருந்தவருக்கு 30 என்று காட்டினால் 12, 13 என்று இழுத்தார். (இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.) காட்டிய எண் ஞாபகம் இல்லாமல் இல்லை. ஞாபகம் இருந்தது, தனக்குப் பொருந்தும் என்றுதான் படவில்லை.

டோபமைன் இங்கேயும் வருகிறது. லெவோடோபா, அதாவது மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிற, நான் தினமும் பெயர் சொல்லி விற்கிற இன்னொரு பார்க்கின்சன் மருந்து, கொடுத்துவிட்டு இதே சோதனையை 2012இல் செய்தபோது கெட்ட செய்தியிலிருந்து கற்பது இன்னும் குறைந்தது. அதற்கு எட்டு வருஷம் முன்பே மைக்கேல் ஃப்ராங்க் என்பவர் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஜப்பானிய எழுத்துகளை இரண்டிரண்டாகக் காட்டி, எது அதிகம் 'சரி' ஆகிறது என்று பழகிக் கண்டுபிடிக்கச் சொன்னார். அந்த எழுத்துகள் அவர்களுக்கு வெறும் கோலம். மருந்து உடம்பில் இருந்தபோது, அடிக்கடி ஜெயிக்கிற எழுத்தை நன்றாகப் பிடித்தார்கள். மருந்து இல்லாதபோது, அடிக்கடி தோற்கிற எழுத்தை ஒதுக்க நன்றாகக் கற்றார்கள். ஆள் மாறவில்லை, மருந்தைப் பொறுத்து வரவு, செலவு இரண்டில் எந்தப் பத்தி நிரம்புகிறது என்பது மாறியது. அந்தக் கட்டுரையைப் படித்த அன்றைக்கு டயரியின் காலிப் பத்தியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷாரோட் சோதனை சரியில்லை என்பவர்களும் உண்டு. புனித் ஷா, ஆடம் ஹாரிஸ் முதலானோர் 2016இல் எழுதிய மறுப்பு காரசாரமானது. சதவீதக் கணக்கு போட்ட விதத்திலேயே இந்தக் கோணல் வந்துவிடும், மனித ஆசைக்கு அதில் வேலையில்லை என்பது அவர்கள் வாதம். வாதத்தில் சத்து இருக்கிறது. எனக்கோ 9.1ஐப் பார்த்துக் கண்ணாடி துடைத்த ஆளை நேரில் தெரியும். அது நிரூபணம் ஆகாது என்பதும் தெரியும்.

அப்பாவைச் சொல்வானேன். சந்தை ஏறின நாளில் என் மியூச்சுவல் ஃபண்ட் ஆப்பை நாலு தரம் திறப்பேன். இறங்கினது என்று ரேடியோவில் கேட்டால் அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கம் விரல் போகாது. முதலீட்டாளர்கள் பொதுவாகவே இப்படித்தான் என்று 2009இல் கணக்குகளைத் திறந்து பார்த்த பதிவுகளை வைத்தே காட்டியிருக்கிறார்கள். தீக்கோழி விளைவு என்று பெயர். தீக்கோழி மண்ணில் தலையைப் புதைப்பதில்லை, பாவம்.

கெட்ட செய்தியைக் காதில் போட்டுக்கொள்கிறவர்கள் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். மன அழுத்த நோய் உள்ளவர்களிடம் இந்த ஓரவஞ்சனை காணவில்லை என்று கோர்ன் குழுவினர் 2014இல் எழுதினார்கள். 2018இல் வந்ததுதான் என்னை அதிகம் உலுக்கியது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துத் தீயணைப்பு வீரர்களை டியூட்டியின்போது சோதித்தார்கள். ஆபத்து நெருக்கத்தில் இருப்பதாக உடம்பு உணரும்போது கெட்ட செய்தியும் நல்ல செய்தி மாதிரியே உள்ளே போகிறது, கோணல் மறைந்துவிடுகிறது. அமைதியாக இருப்பவனுக்குத்தான் சௌகரியமான கணக்கு. மணி எப்போது அடிக்குமோ என்று இருப்பவனுக்கு அது கட்டுப்படியாகாது.

எங்கள் வீட்டில் எப்போதும் டியூட்டியில் இருந்தது அம்மா.

போன தைக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினோம். பழைய மாசக் காலண்டர்கள், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டியவை, பதினொரு வருஷத்துக்கு உரியவை இருந்தன. மீதியைக் கரையான் அரித்துவிட்டது. அம்மா பால் கணக்கு எழுதுகிற காலண்டர்கள். பால் வராத நாளில் ஒரு பெருக்கல் குறி. சிலிண்டர் வந்த நாளில் 'சி'. மாதத்துக்கு இரண்டு, மூன்று கட்டங்களில் பென்சிலால் 'ஆரி' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு தொகை. ஆரி 60. ஆரி 140. ஆரி 210 பஸ். ஆரியங்காவு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கும் பணம் குறைவதை அன்றன்றைக்கே எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறாள். அப்பாவின் டயரியில் காலியாகக் கிடந்த பத்தி இருபது வருஷமாகப் பரணில் இருந்திருக்கிறது.

அந்தப் பதினொரு வருஷத்தையும் தரையில் பரப்பி, டயரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போன் கால்குலேட்டரில் கூட்டினேன். அம்மா வாசல்படியில் கீரை ஆய்ந்துகொண்டு நான் செய்வதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். வரவு 12,450. செலவு 48,920. கழித்தால் 36,470. முதலில் சொல்லத் தயங்கினேன். அப்புறம் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் படித்தாள்.

"அம்புட்டுதானா? லட்சத்துக்கு மேல இருக்கும்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஆரியங்காவுக்குப் புறப்படுகிற காலையில் அப்பாவுக்கு மலர்கிற மாதிரி.

"எய்யா, அந்த ரெண்டாயிரம் விழுந்ததுல ஒனக்குச் சைக்கிள் வாங்குனோமே, அதைச் சேத்தியா?"

"சேத்துட்டேம்மா."

"இன்னொருக்கா பாரு" என்று போனை என் கையில் கொடுத்தாள்.